தவிட்டை வீசாதீர்கள், மருந்தை விடாதீர்கள்

 

இம்மாதம் வேறொரு விடயத்தைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். அதற்குள் வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்து, எடுத்த பேனையை வேறு பக்கம் திருப்பிவிட்டது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். போடவில்லை. ஆனால் விடயத்தைச் சொல்ல அனுமதி தந்திருக்கிறார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

அவருடைய உம்மா கொட்டாஞ்சேனையில் மகனுடைய வீட்டில் இருக்கிறார். பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டறிந்து, சத்திரசிகிச்சை செய்து, இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். நான்கு தடவை ஏற்றியாயிற்று. இன்னும் நான்கு தடவை இருக்கிறது. உம்மா வாந்தியாலும் களைப்பாலும் நொந்து போயிருக்கும் நேரத்தில் நோய் விசாரிக்க வந்த உறவுக்காரர் ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நார்ச்சத்துள்ள உணவைச் சாப்பிட்டால் குடலுக்குள் ஒரு பொருள் உண்டாகிறதாம். அந்தப் பொருள் புற்றுநோய்க் கலங்களைத் தாமாகவே சாகச் செய்கிறதாம். அது குளிசையாகவும் கிடைக்கிறதாம். பிறகு எதற்கு இந்தப் பொல்லாத மருந்து?

உம்மா அதைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது தடவைக்கு வரமாட்டேன் என்கிறார்.

சகோதரி இரண்டு கேள்விகள் கேட்கிறார். முதலாவது, அந்தச் செய்தி உண்மையா, அதை நம்பி மருந்தை நிறுத்தலாமா? இரண்டாவது கேள்வியை அவர் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறார்: "கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வரும்வரை அந்த வீட்டில் சமைத்தவள் நான்தான். காலையில் பாண், பகலில் வெள்ளைச் சோறு, இரவில் கோதுமை மா ரொட்டி. உம்மாவுக்கு இந்த நோய் வர நான்தான் காரணமா?"

சகோதரிகளே, நான் ஓதிக்கொடுக்கிறவன், வைத்தியன் அல்லன். ஆகவே எனக்குப் பழக்கமான டொக்டர் ஒருவரிடம் இரண்டு நாள் மஃரிபுக்குப் பின் இருந்து கேட்டு, அவர் தந்ததைப் படித்து, விளங்கியதை எழுதுகிறேன். கவலையோடு இருப்பவரைக் காக்க வைக்கக் கூடாது. எனவே விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். உறவுக்காரர் சொன்ன செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம். சகோதரியே, நீங்கள் குற்றவாளியும் அல்லர்.

இனி, ஏன் என்று பார்ப்போம்.

சல்லடை காணாத வீடு

ஸஹீஹுல் புகாரியில் உணவு பற்றிய பாடத்தில் ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. ஸஹ்ல் இப்னு ஸஃத் (ரழி) அவர்களிடம், நபி (ஸல்) அவர்கள் நன்கு சலித்த வெள்ளை மாவை உண்டிருக்கிறார்களா என்று கேட்கப்படுகிறது. நபித்துவம் கிடைத்தது முதல் வஃபாத் ஆகும் வரை அவர்கள் அத்தகைய மாவைக் கண்டதே இல்லை என்று ஸஹ்ல் (ரழி) பதில் சொல்கிறார்கள். சல்லடை இருந்ததா என்று கேட்டதற்கு, அதையும் கண்டதில்லை என்கிறார்கள். அப்படியானால் வாற்கோதுமையை எப்படிச் சாப்பிட்டீர்கள்? அரைப்போம், ஊதுவோம், பறப்பது பறந்துவிடும், மிச்சத்தைப் பிசைந்து சாப்பிடுவோம் என்பது அவர்களுடைய விளக்கத்தின் கருத்து.

மதரஸாவில் இந்த ஹதீஸை ஓதிக்கொடுக்கும்போது, நபியவர்களின் எளிமையான வாழ்க்கைக்கு ஆதாரமாகத்தான் ஓதிக்கொடுப்போம். அதுவே சரியான பாடம். இதில் புற்றுநோய் பற்றிய இரகசியம் ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஹதீஸை மருந்துக்கடை விளம்பரமாக ஆக்குவது அதற்குச் செய்யும் கண்ணியம் அல்ல. ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். அந்த வீட்டில் இல்லாதிருந்த சல்லடை இன்று நம்முடைய ஆலைகளில் இருக்கிறது. தவிடும் உமித்தோலும் வெளியே போய், வெண்மையும் மென்மையும் உள்ளே வருகின்றன. வெளியே போவதை "சக்கை" என்கிறோம். அந்தச் சக்கைக்கு உடம்புக்குள் என்ன வேலை என்பதை விஞ்ஞானம் கடந்த ஐம்பது ஆண்டுகளில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுகொண்டது.

உகண்டாவில் நீண்ட காலம் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1971ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். முழுத் தானியமும் கிழங்கும் அவரையும் உண்ணும் ஆபிரிக்கக் கிராமத்தவரிடம் பெருங்குடல் புற்றுநோய் மிக அரிதாக இருப்பதையும், சலித்த மாவை உண்ணும் மேல்நாட்டவரிடம் அது மலிந்திருப்பதையும் சுட்டிக்காட்டி, நார்ச்சத்துதான் வித்தியாசமோ என்று அவர் கேட்டார். இன்று அது மேல்நாட்டு நோயாக மட்டும் இல்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 19 இலட்சம் பேருக்குப் புதிதாகப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 9 இலட்சம் பேர் அதனால் மரணித்தார்கள். நம் நாட்டிலும் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் இது ஒன்று. மஹரகம வைத்தியசாலை வாசலில் ஒரு நாள் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குடலுக்குள் ஓர் அடுப்பு

சோற்றிலுள்ள மாப்பொருளை நம்முடைய நொதியங்கள் உடைத்துச் சீனியாக்கிவிடும். நார்ச்சத்தை உடைக்கும் நொதியம் நம்மிடம் இல்லை. அது சமிபாடு அடையாமல் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. பற்றீரியா என்றதும் முகம் சுளிக்காதீர்கள். இவை பெரும்பாலும் நமக்கு உபகாரம் செய்பவை. தோசை மா புளிப்பது போல, இந்த நார்ச்சத்தை அவை புளிக்க வைக்கின்றன. அதிலிருந்து மூன்று சிறிய அமிலங்கள் பிறக்கின்றன. அசிற்றேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்பன அவற்றின் பெயர்கள். முதலாவது, வினாகிரியில் உள்ள அதே அமிலம். மூன்றாவதன் பெயர் வெண்ணெயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பழுதான வெண்ணெயில் வரும் கார வாடை அதனுடையதுதான்.

உறவுக்காரர் சொன்ன "ஒரு பொருள்" இந்தப் பியூட்டிரேட்தான்.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் நெய்ச்சோறு சாப்பிட்டால் போதுமே" என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம்! நெய்யில் உள்ளது சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பெருங்குடலுக்கு வந்து சேராது. சாதாரணமாக விழுங்கும் பியூட்டிரேட்டின் கதியும் பெரும்பாலும் அதுதான். பெருங்குடலில் அது பிறக்க வேண்டுமானால், நார்ச்சத்து அங்கே போய்ச் சேர வேண்டும்.

1980ஆம் ஆண்டு ரோடிகர் என்ற வைத்தியர் ஓர் ஆச்சரியமான உண்மையை வெளியிட்டார். உடம்பின் மற்றக் கலங்கள் முக்கியமாகச் சீனியையும் கொழுப்பையும் எரித்து வாழ்கின்றன. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள கலங்களோ தமக்குத் தேவையான சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதத்தை இந்தப் பியூட்டிரேட்டிலிருந்து எடுக்கின்றன. அதாவது, நமக்குச் சக்கை, பற்றீரியாவுக்கு உணவு. பற்றீரியாவின் கழிவு நம்முடைய குடற்சுவருக்கு உணவு. 2011ஆம் ஆண்டு, குடலில் பற்றீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தார்கள். அவற்றின் பெருங்குடற் கலங்கள் பட்டினியால் தம்மையே தின்னத் தொடங்கியிருந்தன. பியூட்டிரேட்டைக் கொடுத்ததும் அது நின்றது. சுப்ஹானல்லாஹ்! வீணாக எதையும் படைக்காதவன் அவன்.

அடுப்புக்கு விறகு மட்டுமல்ல, ஒரு செய்தியும்

இந்தப் பொருள் எரிபொருளாக மட்டும் இருந்துவிடவில்லை. கலத்துக்கு அது ஒரு சமிக்ஞையும் கொடுக்கிறது. இதுதான் கதையின் முக்கியமான இடம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

குடற்சுவரின் கலங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை பழையன உதிர்ந்து புதியன பிறந்துகொண்டே இருக்கும். எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும், பழுதாகிவிட்டால் எப்போது சாக வேண்டும் என்ற கட்டளைகள் கலத்தின் கருவுக்குள் நீண்ட நூல் போன்ற பரம்பரைப் பொருளில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கட்டளைகளுக்குக் கீழ்ப்படியாமல் பெருகிக்கொண்டே போகும் கலம்தான் புற்றுநோய்க் கலம்.

அந்த நூல், தையல் மெஷினின் நூற்கட்டையில் சுற்றியிருப்பது போல, சிறு புரத உருண்டைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்திலுள்ள கட்டளையைக் கலத்தால் வாசிக்க முடியாது. தளர்ந்த இடத்தில் உள்ளதைத்தான் வாசிக்கும். நூலை இறுக்குவதற்கென்றே ஒரு நொதியம் இருக்கிறது. பியூட்டிரேட் கருவுக்குள் போய் அந்த நொதியத்தின் கையைப் பிடித்துக்கொள்கிறது. 1970களின் பிற்பகுதியில் இது கண்டுபிடிக்கப்பட்டது. நூல் தளர்கிறது. "பெருகியது போதும், நில்" என்று சொல்லும் பி21 என்ற கட்டளையும், பழுதான கலத்தைத் தானாகச் சாகச் செய்யும் கட்டளைகளும் வாசிக்கப்படுகின்றன.

இது ஒரு வழி. இன்னொரு வழி, கலத்தின் வெளிச்சுவரில் உள்ள அழைப்பு மணி. மணியை அழுத்தினால் வீட்டுக்குள் ஆள் எழும்புவது போல, பியூட்டிரேட் வெளியே நின்று தொட்டாலே உள்ளே வேலை தொடங்கிவிடும். அந்த மணிகளில் ஒன்றின் பெயர் ஜி.பி.ஆர். 109ஏ. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒகஸ்டா நகரிலுள்ள மருத்துவக் கல்லூரியில் இதை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு வெளியிட்ட குழுவின் முதற்பெயர் முத்துசாமி தங்கராஜு, குழுவின் தலைமைப் பெயர் வடிவேல் கணபதி. பெயர்களைப் பார்த்தவுடனே நம்மவர்கள் என்று தெரிகிறது அல்லவா? இந்த மணி பெருங்குடலில் கட்டி வளராமல் தடுக்கும் காவலாக வேலை செய்கிறது என்பது அவர்கள் கண்டது. 2014ஆம் ஆண்டு வெளியான தொடர் ஆய்வில், இந்த மணி இல்லாத எலிகளின் குடலில் அழற்சியும் புற்றுநோயும் கூடுதலாக ஏற்பட்டன.

கதவை அடைத்துக்கொள்ளும் கலம்

இதுவரை வாசித்தால், உறவுக்காரர் சொன்னது சரிதானே என்று தோன்றும். இனித்தான் மற்றப் பாதி வருகிறது.

பியூட்டிரேட் கலத்துக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். எஸ்.எல்.சி. 5ஏ8 என்ற பெயருள்ள வாசல் அது. 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்த வாசலை உண்டாக்கும் பரம்பரை அலகுக்குப் பூட்டுப் போடப்பட்டிருப்பதைக் கண்டார்கள். சில வேளைகளில் கட்டியின் மிக ஆரம்ப நிலையிலேயே அந்தப் பூட்டு விழுந்துவிடுகிறது. அந்த வாசல் வழியாகப் பியூட்டிரேட் உள்ளே போகிறது என்பதை 2004ஆம் ஆண்டு கணபதி அவர்களின் குழு காட்டியது. 2009ஆம் ஆண்டு அதே குழு, மனிதரின் பெருங்குடல் புற்றுநோயில் அழைப்பு மணியும் மௌனமாக்கப்பட்டிருப்பதைக் கண்டது.

விளங்குகிறதா, சகோதரிகளே? நல்ல கலம் வாசலைத் திறந்து வைத்து, மணிக்குச் செவிசாய்க்கிறது. கெட்டுப்போன கலம் வாசலையும் அடைத்து, மணியின் கம்பியையும் அறுத்துவிடுகிறது. உபதேசம் கேட்கக் கூடிய பிள்ளைக்கு உபதேசம் போதும். காதைப் பொத்திக்கொண்டு வீட்டைக் கொளுத்துகிறவனிடம் உபதேசம் செய்துகொண்டிருக்க முடியுமா? அங்கே வேறு நடவடிக்கை வேண்டும். சத்திரசிகிச்சையும் ஏற்றும் மருந்தும் அந்த நடவடிக்கைகள். வெட்டியெடுத்த பின்னும் கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது தங்கியிருக்கக் கூடிய கலங்களை அழிப்பதற்காகத்தான் மருந்து ஏற்றுகிறார்கள். அதைப் பாதியில் நிறுத்துவது, அப்படித் தப்பியவற்றுக்கு வழி விடுவதாக ஆகிவிடலாம்.

ஆய்வுகூடக் கிண்ணத்தில் புற்றுநோய்க் கலத்தின் மேல் பியூட்டிரேட்டை ஊற்றினால் அது சாவது உண்மைதான். 2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் அதற்கான காரணத்தையும் விளக்கினார்கள். புற்றுநோய்க் கலம் சீனியையே விரும்பி எரிக்கிறது. பியூட்டிரேட்டை எரிக்காததால் அது கருவுக்குள் தேங்கி, பெருக்கத்தை மறிக்கிறது. ஆனால் கிண்ணம் வேறு, மனித உடம்பு வேறு. 2014ஆம் ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், குறிப்பிட்ட பரம்பரைக் கோளாறுகளோடு பிறந்த எலிகளில் பியூட்டிரேட் கட்டிகளைக் குறைக்காமல் கூட்டியதையும் கண்டிருக்கிறார்கள். இப்படியிருக்க, ஒரு குளிசையை நம்பி மருந்தை விட்டுவிடு என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

மனிதர்களிடம் செய்த சோதனைகள்

பிறகு நார்ச்சத்தால் பயனே இல்லையா? இருக்கிறது. அதை அளவோடு சொல்ல வேண்டும்.

2015ஆம் ஆண்டு ஓர் அழகான ஆய்வு வெளியானது. அமெரிக்காவில் வாழும் ஆபிரிக்க வம்சத்தவர் 20 பேரும், தென்னாபிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தங்கள் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் நார்ச்சத்துள்ள கிராமத்துச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். கிராமத்தவர்கள் இறைச்சியும் கொழுப்பும் நிறைந்த, நார்ச்சத்து மிகக் குறைந்த சாப்பாட்டுக்கு மாறினார்கள். இரண்டே வாரங்களில் அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்காகக் கூடியது. கிராமத்தவர்களிடம் பாதியாகக் குறைந்தது. குடற்சுவரின் அழற்சியும் கலப்பெருக்கமும் அமெரிக்கர்களிடம் தணிந்தன, மற்றவர்களிடம் கூடின. எத்தனை வருடம் தவறிச் சாப்பிட்டிருந்தாலும் உடம்பு திருந்தத் தயாராக இருக்கிறது என்பது இதில் எனக்குப் பிடித்த பாடம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குடலில் சிறு சதை முளைகளை ஏற்கெனவே அகற்றியவர்களுக்கு நார்ச்சத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய பரிசோதனைகள் 2000ஆம் ஆண்டு வெளியாகின. மூன்று நான்கு வருடங்களில் முளைகள் மீண்டும் வருவதை அது குறைக்கவில்லை. பரம்பரையாக இந்நோய் வரும் ஆபத்துள்ள 900க்கும் மேற்பட்டவர்களுக்குச் சமிபாடு அடையாத மாப்பொருளைத் தினமும் 30 கிராம் வீதம் கொடுத்துப் பார்த்த பரிசோதனையின் நீண்டகால முடிவு 2022ஆம் ஆண்டு வந்தது. பெருங்குடல் புற்றுநோய் அதனால் குறையவில்லை. ஆனால் வயிறு, கணையம் போன்ற வேறு இடங்களில் வரும் புற்றுநோய்கள் குறைந்திருந்தன.

பெருந்தொகையானோரை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகளை 2011ஆம் ஆண்டு ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, நாளாந்த நார்ச்சத்தில் ஒவ்வொரு 10 கிராம் கூடுதலுக்கும் ஆபத்து ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்திருந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் பாடம் இதுதான்: நார்ச்சத்து சிறு வயது முதல் காலமெல்லாம் போடும் வேலி. பயிரை மாடு மேய்ந்த பின் ஒரே நாளில் கட்டும் வேலியால் போன பயிர் திரும்பாது.

நம் அடுப்படியில்

உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் அரைக் கிராம்கூட இல்லை. வெள்ளைப் பாணில் இரண்டு மூன்று கிராம். அதே 100 கிராம் அவித்த கடலையிலோ பயறிலோ 7 கிராமுக்கு மேல் இருக்கிறது. கொய்யாப் பழத்தில் 5 கிராம்.

இதற்காகப் பெட்டியில் அடைத்த மேல்நாட்டுச் சாமான் எதுவும் வாங்க வேண்டாம். வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனைச் சந்தையிலும் குவிந்து கிடப்பவை போதும். காலையில் பாணுக்குப் பதிலாக வாரத்தில் சில நாட்களாவது அவித்த கவுப்பி, கடலை, பயறு. கோதுமை மாவுக்குப் பதில் குரக்கன் பிட்டு அல்லது ஆட்டா மா ரொட்டி. தீட்டிய வெள்ளையரிசிக்குப் பதில் தவிடு போகாத சிவப்பரிசி. பகல் சோற்றுக்கு வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் என்று ஏதாவதொரு கீரை மல்லுங். வாழைப்பூவையும் பலாக்கொட்டையையும் ஏழை வீட்டுக் கறி என்று ஒதுக்காதீர்கள். நோன்புக் கஞ்சியில் ஒரு கைப்பிடி பயறு சேருங்கள். கூட்டும்போது மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீரும் போதிய அளவு குடியுங்கள். திடீரென்று கூட்டினால் வயிறு ஊதிக் கஷ்டப்படுத்தும்.

சோற்றைப் பற்றி நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். இங்குள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியின் மாணவர் சுதைர் ஜேம்ஸ், தமது ஆசிரியர் கலாநிதி புஷ்பராஜா தவராஜாவோடு சேர்ந்து 38 வகை இலங்கை அரிசிகளை ஆராய்ந்து, முடிவை 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த இரசாயனவியல் மாநாட்டில் சமர்ப்பித்தார். கொதிக்கும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, அரைக் கோப்பை அரிசியைப் போட்டுச் சமைத்து, 12 மணித்தியாலம் குளிரூட்டியில் வைத்தால், அதிலுள்ள மாப்பொருளில் ஒரு பகுதி சமிபாடு அடையாத வகையாக மாறுகிறது. ஒரு வகை அரிசியில் அது பத்து மடங்கு வரை கூடியது. மறுபடி சூடாக்கினாலும் அது குறையவில்லை. அவர்கள் உடற்பருமனைக் குறைக்கும் நோக்கத்தோடு செய்த ஆய்வு இது. ஆனால் அந்தச் சமிபாடு அடையாத மாப்பொருள்தான் பெருங்குடலில் பியூட்டிரேட்டை நன்றாக உண்டாக்கும் உணவுகளில் ஒன்று. மிச்சச் சோற்றை வீசும் வீடுகளுக்கு இது நல்ல செய்தி. ஒரேயொரு எச்சரிக்கை: சோற்றை மணிக்கணக்காக வெளியே வைத்துவிட்டுப் பிறகு குளிரூட்டியில் வைக்காதீர்கள். ஆறியதும் உடனே வைத்து, அடுத்த நாளே நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டு முடியுங்கள்.

இறைச்சி பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் பாடசாலைப் பெட்டியில் சொசேஜ் இல்லாத நாளே இல்லை என்று ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இவ்வாறு பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று 2015ஆம் ஆண்டு அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது. "ஹலால் முத்திரை இருக்கிறதே" என்பீர்கள். ஹலால்தான். ஆனால் அல்லாஹ் அல்குர்ஆனில் உணவைப் பற்றிச் சொல்லும்போது ஹலால் என்பதோடு தையிப், அதாவது தூயது, நல்லது என்பதையும் சேர்த்தே சொல்கிறான். முதலாவதை மட்டும் பார்த்து இரண்டாவதை விட்டுவிடலாமா? மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியையும் சமைத்த அளவில் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. வலீமா வீட்டுச் சஹனில் ஒரு நாள் சாப்பிடுவதைப் பற்றி நான் பேசவில்லை. ஒவ்வொரு நாளையும் வலீமாவாக ஆக்குவதைப் பற்றிப் பேசுகிறேன்.

நோயாளிகளுக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது. குடலில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், குடல் ஒடுங்கியிருப்பவர்களுக்கும், மருந்தால் வயிற்றோட்டம் உள்ளவர்களுக்கும் சில காலம் நார்ச்சத்தைக் குறைக்கும்படி வைத்தியரே சொல்வதுண்டு. அங்கே வைத்தியரின் சொல்தான் சட்டம்.

வெட்கம் உயிரை வாங்கக் கூடாது

இந்தச் சகோதரியின் உம்மா, மலத்தோடு இரத்தம் போவதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லையாம். மூலவியாதி என்று தாமே முடிவு செய்துகொண்டாராம். டொக்டரிடம் எப்படிக் காட்டுவது என்ற வெட்கமாம்.

தாய்மார்களே, ஹயா என்ற வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் நோயை மறைத்து உயிரை மாய்ப்பது ஹயா ஆகாது. பெண் வைத்தியர் கிடைத்தால் அவரிடம் காட்டுங்கள். கிடைக்காவிட்டால், தேவையான அளவுக்கு ஆண் வைத்தியரிடம் காட்டுவதற்கு மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. கணவனோ மகனோ மஹ்ரமான ஒருவரோ கூட இருக்கட்டும். உயிரைப் பாதுகாப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. மலத்தில் இரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாமல் மெலிவு, இரத்தச்சோகை, விடாத வயிற்றுவலி ஆகியவற்றில் எதையும் "மூலம்தானே" என்று ஒதுக்காதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் வந்திருந்தால், மற்றவர்களும் வைத்தியரிடம் அதைச் சொல்லிப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். குடலில் தோன்றும் சிறு முளை புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து வருடமளவில் எடுக்கும். அதற்குள் கண்டுகொண்டால், கமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டு, அந்த முளையையே அகற்றிவிடலாம்.

சகோதரிக்கு

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்நோய்க்கு ஒரு காரணம் மட்டும் இல்லை. வயது, பரம்பரை, உடற்பருமன், அசையாத வாழ்க்கை, புகை, மது, உணவு என்று பல சேர்ந்தே வருகிறது. மரக்கறி மட்டும் உண்பவருக்கும் வந்திருக்கிறது. பாண் மட்டும் தின்று தொண்ணூறு வயது வாழ்ந்தவரும் இருக்கிறார். இத்தனை பேருக்கு இத்தனை ஆபத்து என்றுதான் விஞ்ஞானம் கணக்குச் சொல்லும். "உன் உம்மாவுக்கு நீ சமைத்த ரொட்டியால் வந்தது" என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. அறியாமல் செய்ததற்கு அல்லாஹ் பிடிக்காதபோது, உங்களை நீங்களே ஏன் பிடிக்கிறீர்கள்? அந்த அடுப்படியில் நீங்கள் நின்ற வருடங்கள் உம்மாவுக்குச் செய்த கித்மத். அவை வீண் போகாது, இன்ஷா அல்லாஹ். இன்று அறிந்துகொண்டதை உங்கள் பிள்ளைகளின் தட்டில் வையுங்கள்.

உங்கள் உம்மாவுக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். நோய்க்கு மருந்து செய்துகொள்ளும்படி தம் தோழர்களுக்கு ஏவியவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்னார்கள். வாந்தியும் களைப்பும் தாங்கவில்லை என்றால், அதை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வாந்திக்குத் தனியாக மருந்து உண்டு. ஏற்றும் மருந்தின் அளவையும் இடைவெளியையும் மாற்றவும் அவர்களுக்குத் தெரியும். நிறுத்துவதென்றாலும் அவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும், விசாரிக்க வந்தவரின் பேச்சைக் கேட்டு அல்ல. ஐந்தாவது தடவைக்குப் போகும் அன்று வெள்ளவத்தையிலிருந்து நீங்களும் போய் அவர் பக்கத்தில் இருங்கள். தனியாகப் போகும் பயத்தை "மாட்டேன்" என்று சொல்லும் உம்மாக்களும் இருக்கிறார்கள்.

நோய் விசாரிக்கப் போகும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். போகும்போது பழம் கொண்டு போங்கள், துஆ கொண்டு போங்கள். அரைகுறையாகக் கேட்ட வைத்தியத்தைக் கொண்டு போகாதீர்கள்.

யா அல்லாஹ்! கொட்டாஞ்சேனையில் இருக்கும் அந்த உம்மாவுக்கும், மஹரகமவிலும் மற்ற வைத்தியசாலைகளிலும் படுத்திருக்கும் எல்லா நோயாளிகளுக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவாயாக. எங்கள் தட்டுகளில் ஹலாலையும் தையிபையும் ஒன்றுசேர்த்து வைப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.